கொல்லைத் தேரைகள்

ராயபுரத்தில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்குத் தேரை பிடித்துக் கொடுப்பது அமீருதீனின் வேலை. கர்ப்பிணியின் சிறுநீரை ஆண் தேரைக்கு ஊசியில் ஏற்றினால், அதிலுள்ள நஞ்சுக்கொடியின் சுரப்பு தேரைக்கு விந்து வரச் செய்யும்; அதுவே கர்ப்பத்துக்கு அறிகுறி. பிரசவமாகி நஞ்சு விழுந்த சில நாளில் அந்த அறிகுறி அற்றுப்போகும்.

அவன் மனைவி அஜீசாவுக்கு ஐந்தாம் மாதத்திலேயே குழந்தை செத்துப் பிறந்தது. அதை மையவாடியில் அடக்கினான். நஞ்சைச் சட்டியிலிட்டு, துணியால் வாய்கட்டிக் கொல்லையில் புதைத்தான். அதன்பின் கொல்லையில் பிடித்த தேரைகள் ஊசி போடுமுன்பே கர்ப்பம் காட்டின.

“வேற எடத்துல புடிய்யா,” என்றார் பரிசோதனைக்கூடத்து டாக்டர்.

அதை அவன் வீட்டில் வந்து சொன்ன நாள்முதல் அஜீசா புதைத்த இடத்தில் தண்ணீர் தெளித்தாள்.

“பேஜாரு பண்ணாதம்மே. தோண்டிக் கடல்ல வீசிடுவேன்.”

“தேரைக்குக் கீற அறிவு ஒனக்கு இல்லியே. பத்து மாசம் வரிக்கும் வுடு.”

விட்டான். பத்து மாதம் முடிந்த மறுவாரம் கொல்லைத் தேரைகளில் அறிகுறி இல்லை. அவன் சட்டியைத் தோண்டி எடுத்தான். அவன் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

“பாத்தியா? ஒண்ணுமே இல்ல!” என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் போனான்.

அஜீசா உதட்டில் விரல் வைத்தாள். அவள் ரவிக்கை இரண்டு பக்கமும் பாலில் நனைந்திருந்தது.