மணல் மூட்டைச் சோதனை

"நம்ம மனுஷரே நமக்கு எதிரா சாட்சி சொல்ல வந்திருக்கார், பாருங்கோ!" என்றாள் மீனாக்ஷி, அவர் காதில் விழட்டும் என்றே.

வராந்தா பெஞ்சில் இருந்த பட்டாபி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். ரயில்வே பட்டறையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது இயந்திரங்களைச் சோதித்துச் சான்றிதழ் தர உரிமம் வைத்திருக்கிறார். லேக் கார்டன்ஸில் மீனாக்ஷி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்.

"சும்மா இரு, இது கோர்ட்டு" என்றான் கணவன் மது.

"நவராத்திரிச் சுண்டல் வாங்கிண்டு போனவர்தானே? கேட்டா என்ன?"

போன பூஜை விடுமுறையில் ஒரு கிளப் பார்க்கில் ரோப் ஸ்லைடு போட்டிருந்தது. கோபுரத்திலிருந்து எதிர்க் கம்பத்துக்கு இரும்புக் கம்பி. அதில் ஓடும் கப்பியைப் பிடித்துத் தொங்கியபடி சறுக்கி வரவேண்டும். மகள் தேவிப்ரியா பாதி வழியில் விழுந்தாள். இடது காலில் இரண்டு தகடு.

கப்பி நடுவில் சிக்கியது என்று இவர்கள் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனார்கள். குழந்தைதான் கையை விட்டது என்றது கிளப். பாதுகாப்பானது என்று பட்டாபி கொடுத்த சான்றிதழையும் நீட்டியது.

மீனாக்ஷிக்குக் கால்கூட இரண்டாம் பட்சம். "நான்தாம்மா விட்டுட்டேன்" என்று பன்னிரண்டு வயதுப் பெண் பார்ப்பவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்கிறாளே, அதுதான் தாங்கவில்லை.

பட்டாபி கூண்டில் ஏறினார். கிளப்பின் வக்கீல் சான்றிதழைக் காட்டினார்.

"இது உங்கள் கையெழுத்துதானே?"

"என்னுடையதுதான்."

"எப்படிச் சோதித்தீர்கள்?"

"அறுபது கிலோ மணல் மூட்டையை நாற்பது தடவை ஓட்டிப் பார்த்ததாக அதில் எழுதியிருக்கிறேன். தேதி செப்டம்பர் பதினேழு." பிறகு, கேட்காமலே இன்னொரு முறை சொன்னார். "செப்டம்பர் பதினேழு."

மீனாக்ஷி பல்லைக் கடித்தாள்.

வங்காளி நீதிபதி ஃபைலிலிருந்து தலையைத் தூக்கினார். "பதினேழா? அன்று விஸ்வகர்மா பூஜையாயிற்றே, மொஷாய். ரிக்ஷாக்காரன்கூட வண்டியை எடுக்கமாட்டானே."

கிளப்பின் வக்கீல் பாய்ந்து எழுந்தார். "எழுத்துப் பிழை, ஐயா. பதினாறாக இருக்கும்."

"அப்படியா, மிஸ்டர் பட்டாபி? திருத்திக்கொள்ளலாமா?"

வேண்டியது ஒரு தலையாட்டல்தான். மீனாக்ஷி கண்ணை மூடிக்கொண்டாள்.

"தேதி சரிதான். சோதனைதான் பொய்" என்றார் பட்டாபி.

கிளப் செயலாளர் இருமத் தொடங்கினார்.

"நான் போனபோது கப்பிக்குப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். இன்று தொடக்கூடாது என்றார்கள். பிரசாதமாகக் கிச்சுடி கொடுத்தார்கள். நன்றாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்."

"பிறகு?" என்றார் நீதிபதி.

"விபத்துக்கு மறுநாள் போய் நிஜமாகவே மூட்டையைத் தொங்கவிட்டேன். ஒன்பதாவது தடவை கப்பி சிக்கியது. அந்த உதறலில் ஒரு பயில்வான் கையும் நிற்காது. குழந்தைமேல் தப்பில்லை."

"உங்கள் உரிமம் போய்விடும், தெரியுமா?"

"போகவேண்டியதுதான்."

வெளியே வந்ததும் மீனாக்ஷி அவரை மறித்துக்கொண்டாள். கண்ணில் நீர் இருந்தது, கோபமும் போகவில்லை.

"இத்தனையும் தெரிஞ்சுண்டு, மாமா, ஏன் அந்தக் கிளப்காரா பக்கம் போய் நின்னேள்? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எங்க சாட்சியாவே கூப்பிட்டிருப்போமே?"

பட்டாபி குடையை விரித்தார்.

"உங்க சாட்சியா வந்து சொன்னா, மதறாஸி மதறாஸிக்காகப் பொய் சொல்றான்னு தள்ளிடுவா. அவா சாட்சியே சொன்னாதாம்மா, உன் பொண்ணு நிரபராதி."