பன்னிரண்டு டெராஃபிளாப்

“பெரிய மாமன் பத்து, சின்ன மாமன் பன்னண்டு. சின்ன மாமன் ஜெயிச்சிட்டாவ” என்று சடங்குப் பெண்ணின் அப்பா தங்கசாமி மைக்கில் சொன்னதும் பந்தல் முழுக்கச் சிரிப்பு.

ரூபாய்க் கணக்கில்லை. டெராஃபிளாப். கேம் பெட்டியின் பவரை அப்படித்தான் அளக்கிறார்களாம்.

சடங்குச் சீருக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, மருமகள் பானு சேலை கேட்கவில்லை, வளையல் கேட்கவில்லை. கேம் பெட்டி கேட்டாள்.

பெரிய மாமன் பூவனலிங்கம் பிளே ஸ்டேஷன் வாங்கிவந்தான். திருப்பூரிலிருந்து வந்த தம்பி இசக்கிபாண்டி எக்ஸ்பாக்ஸ் பெட்டியைச் சபையில் வைத்துவிட்டான். ஒருவனுக்கொருவன் சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது பழத்தட்டுகளுக்கு நடுவே இரண்டு பெட்டியும் முட்டுக்கிடா மாதிரி எதிரெதிரே இருந்தன.

“விடுங்க அண்ணாச்சி. உங்களுது பத்துன்னாலும், கேம் சீக்கிரமாத் தொறக்கும்” என்று கல்லூரிக்காரன் ஒருவன் ஆறுதல் சொன்னான். பூவனலிங்கத்துக்கு அது இன்னும் எரிந்தது. தம்பி முன்னால், தங்கை வீட்டுக்காரன் முன்னால், ரெண்டு குறைச்சல்.

தங்கசாமி விடுகிற ஆளில்லை. மச்சான்மாரை மட்டந்தட்டத்தான் இவர்கள் தங்கையைக் கட்டினானோ என்னவோ.

“வாய்ப்பேச்சு எதுக்கு மச்சான்? ரெண்டையும் டிவிகிட்ட தூக்கிட்டு வாங்க. பிரிச்சு ஓட்டிப் பாத்திருவோம்.”

பூவனலிங்கம் கைக்கொன்றாகத் தூக்கினான்.

அவன் பெட்டி அசையாமல் வந்தது. தம்பி பெட்டிக்குள் ஏதோ ஒன்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உருண்டு, டொம்மென்று இடித்தது.

இருபத்தாறு வருஷமாகக் கோவில்பட்டி சரக்குக் கிட்டங்கிகளில் சுமை தூக்குகிறவன். பெட்டிமேல் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். உள்ளே இருப்பதைக் கை வாசித்துவிடும்.

உள்ளே இருந்தது கல்.

தம்பியைத் தேடினான்.

இசக்கிபாண்டி பந்தல்காலைப் பிடித்தபடி நின்றான். நெற்றியில் சந்தனம், முகத்தில் ரத்தமில்லை. பெட்டியைப் பார்க்கவில்லை, அண்ணன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குள் தங்கசாமி டேப்பை அறுக்கக் கத்தியோடு வந்துவிட்டான்.

பூவனலிங்கம் தம்பி பெட்டியை மட்டும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

“மச்சான், தம்பியோடது பவர் கூடினது. வாடகை ஜெனரேட்டர் தாங்காது, புகைஞ்சு போகும். என்னுதைப் போடுங்க. அது சாதா.”

எவனோ விசிலடித்தான். “பெரிய மாமனே தோல்வியை ஒத்துக்கிட்டாவ” என்று மைக் அலறியது. கல்லூரிக்காரன்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

எதுவும் காதில் ஏறவில்லை. பெட்டி உருண்டு சத்தம் போட்டுவிடாமல், நிறைகுடம் கொண்டுபோவது போல வீட்டுக்குள் நடந்தான். தாய்மாமன் சீரென்று சொல்லி, அத்தனை பேர் சபையில் கல்லை வைக்க இவனுக்கு எப்படி மனசு வந்தது? ஒரே வயிற்றில் பிறந்தவன்தானா?

அடுப்படிக்குள் நுழைந்ததும் தங்கை சந்தனமாரி கதவைச் சாத்தினாள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அவளே பேசினாள்.

“அவன் வேலை பாத்த கம்பெனிய மூடி மூணு மாசமாச்சாம்ண்ணே. முந்தாநாள் வெறுங்கையோட வந்து நின்னான். திரும்பிப் போயிருதேம்னு அழுதான்.”

பூவனலிங்கம் பெட்டியைத் தரையில் இறக்கப்போனான்.

“மெல்ல வைண்ணே” என்றாள். “காலிப் பெட்டி, பானு அவ சேக்காளிகிட்டச் சொல்லி வாங்கினது. உள்ள கெடக்க அம்மிக்கொழவி என்னுது.”