காலண்டருக்கு முன்னால்

கதிரேசன் வீட்டிலேயே செய்த ரோபோ, ஒலி அனுப்பி, எதிரொலியை வைத்துத் தூரம் கணித்து, எதிரே நிற்பவர்மேல் பிளாஸ்டிக் பந்தை எறியும். அவன் நின்றபோது பந்து சரியாக நெஞ்சில் பட்டது. அதே இடத்தில் மனைவி வாசுகி, சுவரிலிருந்த காலண்டரை மறைத்தபடி நின்றாள். ரோபோவின் திரையில் சுவரின் தூரம் வந்தது. பந்து அவள் தலைக்கு மேலே பறந்தது.

"புடவை மடிப்பு சத்தத்தை உறிஞ்சிடுது" என்றான்.

அவள் அவனுடைய சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். மறுபடியும் சுவர்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து ஒயர்களை ஆட்டிப் பார்த்தான்.

"அதை விடுங்க. நான் எங்க நிக்கிறேன்னு நீங்க சொல்லுங்க."

குரல் மிக அருகில், காலண்டருக்கு முன்னாலிருந்தே கேட்டது. சொல்வதற்காக நிமிர்ந்தான். எதிரே, காலண்டரில் இன்றைய தேதியைத் தெளிவாகப் படிக்க முடிந்தது.