பதினெட்டாம் இடம்

கோவை குறும்பட ரசிகர் குழுவில் இப்போது யாரும் கையால் ஓட்டுப் போடுவதில்லை. உறுப்பினர்கள் போட்டிக்கு வந்த இருபது படங்களையும் பார்த்தாக வேண்டும். அப்போது நெஞ்சு துடிப்பதை வைத்து மணிக்கட்டுப் பட்டையே வரிசை போட்டு, ஒவ்வொருவர் பட்டியலையும் ஞாயிறு காலை குழுவில் வெளியிட்டுவிடும்.

சுகந்தி எடுத்த ஏழு நிமிடப் படத்தைப் பரிந்துரைத்தவனே அவள் கணவன் பூபதிதான். "சத்தியமா அழுதுட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தான்.

பட்டியல் வந்தது. பூபதியின் நெஞ்சு அவள் படத்துக்குக் கொடுத்தது பதினெட்டாம் இடம். முதலிடத்தில் இருந்தது, சுகந்தி முகம் கொடுத்துப் பேசாத ரேவதியின் படம்.

"என்னங்க இது?"

"பட்டையில ஏதோ கோளாறு. அன்னைக்குப் பிரியாணி தின்னுட்டுப் பார்த்தேனா, நெஞ்சு மந்தமா இருந்திருக்கும்."

"ஓஹோ, ரேவதி படம் வர்றதுக்குள்ள செமிச்சுப்போச்சுங்களா?"

பூபதி தானாகவே பாத்திரம் கழுவப் போனான்.

குழாய்ச் சத்தம் கேட்ட பிறகுதான் சுகந்தி குழுவில் வந்திருந்த தன் பட்டியலைத் திறந்தாள். முதலிடம் ரேவதி. சுகந்தியின் சொந்தப் படம் இருபதாவது.

மேசையில் கிடந்த பூபதியின் போனைச் சட்டென எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பாத்திரம் மட்டும் பத்தாதுங்க," என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினாள். "இன்னைக்குப் பூரா உங்களுக்குப் போனும் கிடையாது!"