தாண்டவராயர் வீட்டில் இல்லாத நோய்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் தாண்டவராயர், மனைவி அகிலாண்டம், மகள் தேன்மொழி, வீட்டு நோய்க் கணக்கெடுக்க வந்த அரசு ஆய்வாளர் ரெபெக்காள் ஆகிய நால்வர் மட்டுமே.

"இந்த மாவட்டத்துக்கே உங்க வீடுதான் மாதிரி வீடு, ஐயா. நீங்க சொல்றதுதான் எல்லா வீட்டுக்கும் பதிவாகும். யாருக்காவது வலிப்பு உண்டா?" என்று கேட்டாள் ரெபெக்காள்.

மறுநாள் தேன்மொழியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அகிலாண்டம் வாயெடுப்பதற்குள் தாண்டவராயர் முந்திக்கொண்டார்.

"எங்க பரம்பரையிலேயே கிடையாதும்மா."

"அப்பா..." என்றாள் தேன்மொழி.

"நீ உள்ளே போ."

கல்யாணம் நிச்சயமாயிற்று. அடுத்த மாதம் அவளுக்கு வலிப்பு மாத்திரை வாங்கப் போனார்.

"வரத்தே நின்னுபோச்சு, பெரியவரே. கணக்கெடுப்புப்படி இந்த மாவட்டத்துல அந்த நோயே இல்லையாம். மறுபடி கணக்கெடுக்க அஞ்சு வருஷமாகுமாம்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

பக்கத்தில் ஒருத்தி, தோளில் துவண்ட குழந்தையோடு அதே மாத்திரைக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். தாண்டவராயர் அவள் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு விரைந்தார்.

தேன்மொழி கடைசி மூன்று மாத்திரைகளைப் பாதி பாதியாக உடைத்துக்கொண்டிருந்தாள்.

"கிடைச்சுதாப்பா?"

"மாத்திரைத் தொழிற்சாலையே எரிஞ்சுபோச்சாம்மா," என்றார்.

மாத்திரைத் தொழிற்சாலை எரிந்துபோனதாக இப்போது ஊரிலும் பேசிக்கொள்கிறார்கள். எந்தத் தொழிற்சாலையும் எரியவில்லை.