எட்டடிக்கு நாலடி முதல் ரேங்க்

பேனரில் ‘முதல் ரேங்க்’ என்று அடித்தது குமரவேலேதான்.

வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. சேலையூர் கேம்ப் ரோட்டில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் அந்தக் கடையில் டிசைனரும் அவனே, ப்ரூஃப் பார்ப்பவனும் அவனே.

எட்டடிக்கு நாலடி. நடுவில் அவன் மகள், அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்பு மிருதுளா. தலைக்கு மேல் கிரீடம், முதுகுக்குப் பின்னால் ராக்கெட். கீழ் மூலையில் கைகூப்பியபடி ‘பெருமையுடன் அப்பா’. வாழ்த்துவோர் வரிசையில் ‘சமூக சேவகர்’ என்ற பட்டத்தோடு வீட்டு ஓனர் ஸ்ரீநிவாசராகவன் மட்டும். வரிசை நிறைய வேண்டுமே என்று அவரையே இரண்டு தரம் போட்டிருந்தான்.

மூன்றே முக்காலுக்கு மாடிக் கைப்பிடியில் கட்டி முடித்தான். ஏணியை விட்டு இறங்கக்கூடப் பொறுமை இல்லை. நின்ற இடத்திலிருந்தே ஈவ்லின் டீச்சருக்குப் போன் போட்டான்.

“டீச்சர், வூட்டுக்குப் போறப்ப எங்க தெரு வழியா போங்க. பாப்பா ரேங்குக்கு பேனர் வச்சிருக்கேன்!”

“எந்த ரேங்க் சார்?”

குமரவேல் பொறுமையாக விளக்கினான். நேற்று வந்த அட்டையில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படிகள். மலர்தான் உச்சி. தமிழ், இங்கிலீஷ், கணக்கு மூன்றிலும் மிருதுளாவுக்கு மலர். மூன்றிலும் உச்சி என்றால் ஃபர்ஸ்ட்தானே?

“அது ரேங்க் இல்ல சார். படிக்கத் தெரியுதா, கூட்டிக் கழிக்கத் தெரியுதான்னு பார்த்துப் போடறது. மூணுலயும் மலர் வாங்கின புள்ளைங்க பன்னெண்டு பேர் இருக்காங்க.”

ஏணி ஆடியது. ஆடியது அவன்தான், பெயர் ஏணிக்கு.

“சரி டீச்சர். அந்தப் பன்னெண்டுல ஃபர்ஸ்ட் யாரு?”

“யாரும் இல்ல. ஜூன்ல உங்க பொண்ணு எங்க இருந்தா, இப்ப எங்க இருக்கா, அதைப் பாருங்க.”

“பார்த்துட்டேன் டீச்சர். சும்மா என் காதுல மட்டும் சொல்லுங்க. யாராண்டயும் சொல்ல மாட்டேன்.”

இதைச் சொல்லும்போது அவன் தோளில் அந்த எட்டடி பேனர் உரசிக்கொண்டிருந்தது. டீச்சர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

குமரவேல் மணியைப் பார்த்தான். பள்ளி நாலு மணிக்கு விடும். அந்தப் பன்னிரண்டில் பாதி இந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போகும். ‘பொய்யி, பொய்யி’ என்று கத்தினால் அவனைப் பார்த்தா கத்தப் போகிறார்கள்? அவளைப் பார்த்துத்தான். அவள் நிஜமாகவே ஃபர்ஸ்ட் என்றால் பேனர் இருக்கலாம். இல்லை என்றால் இந்த நிமிஷமே கழற்ற வேண்டும்.

யாராவது ஒருத்தர் உண்டு, இல்லை என்று சொன்னால் போதும்.

அவனுடைய சொந்த ரேங்க் வரலாறு சுருக்கமானது. ஒரே ஒரு முறை இருபத்தொன்பதாவது வந்தான். அன்றைக்குப் பரீட்சை எழுத வந்தவர்கள் இருபத்தொன்பது பேர்.

“சார், ஏணியக் கொஞ்சம் புடிங்க. கழட்டிடறேன்.”

கீழே நின்ற ஸ்ரீநிவாசராகவன் பதறினார். “கழட்டறதா! பெங்களூர்ல இருக்கற பையனுக்கு இப்பதான் போட்டோ அனுப்பினேன். கட்டைவிரல்கூடக் காமிச்சுட்டான்!”

“பாப்பா ஃபர்ஸ்ட்டான்னே தெரியல சார்.”

“அதனால என்ன? நான் மட்டும் சமூக சேவகரா? ரெண்டு இடத்துல போட்டிருக்கியே.”

குமரவேல் முடிச்சில் கை வைத்தான். அவன் போட்ட முடிச்சு, அவனுக்கே அவிழவில்லை.

அதற்குள் தெருமுனையில் சத்தம். பைகள் முதுகில் குதிக்க, ஏழெட்டுப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். முன்னால் மிருதுளா.

அண்ணாந்து பார்த்தாள். வாய் திறந்தபடியே நின்றாள். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

“மாபெரும் சாதனை படைத்த எங்கள் குலவிளக்கே...”

ஜூன் மாதம் மளிகைக்கடைப் பலகையில் ‘பால்’ என்ற வார்த்தைக்கு எழுத்துக்கூட்டி நின்றவள். இப்போது எங்கும் நிற்கவில்லை. ‘பெருமையுடன்’ வந்தது, தாண்டிவிட்டாள். ‘சமூக சேவகர்’ வந்தது, இரண்டையும் படித்தாள். ஸ்ரீநிவாசராகவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

குமரவேல் முடிச்சை மறந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

எல்லாவற்றையும் படித்து முடித்தவள், இருப்பதிலேயே பெரிய எழுத்தில் இருந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் விட்டுவிட்டாள். பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழி தபீதாளைத் திரும்பிப் பார்த்தாள். தபீதாளும் அவளைப் பார்த்தாள். யாரும் கத்தவில்லை.

“அங்கிள், சூப்பரா கீது!” என்றாள் தபீதாள். “ராக்கெட்டு எனக்கும் வேணும்.”

குமரவேல் இறங்கி வந்து மகள் முன்னால் குந்தினான்.

“கண்ணு, அப்பா காதுல மட்டும் நெஜத்தைச் சொல்லு. நீ ஃபர்ஸ்ட்டா?”

“இல்லப்பா. தபீதாள்தான் ஃபர்ஸ்ட்டு. ஜாய்சன் செகண்டு. நான் பதினொண்ணு.”

“டீச்சர் ரேங்கே கிடையாதுன்னாங்களே?”

“ஐயோ, டீச்சருக்குத் தெரியாதுப்பா! ஒவ்வொரு மாசமும் நாங்களே கடைசிப் பக்கத்துல எழுதி வச்சுக்குவோம்.” குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள், கால்கள் மட்டும் தரையில் நிற்காமல் குதித்தன. “போன மாசம் நான் பதினேழு!”