சரிவின் நடுவில் ஒரு கிளுவை

காலையில் அம்மி மஞ்சளாக இருந்தது.

நான் அரைக்கவில்லை. வீட்டில் வேறு பெண் கிடையாது. தூக்கம் கலையாத கண்ணுக்கு எல்லாமே அப்படித்தான் தெரியும் என்று விட்டுவிட்டு, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு எங்கள் கரட்டு மேட்டுக்கு ஏறினேன்.

தை மாதத்துப் பனி. சரிவையே காணோம். நாங்கள் பாறைகளுக்கு அடித்த சுண்ணாம்பு மட்டும் அங்கங்கே வெள்ளையாக மிதந்தது, ஆடுகள் படுத்திருப்பதைப்போல. நடக்கிறேனா, கனவில் போகிறேனா என்று எனக்கே சந்தேகம்.

எட்டு நாளாக இதே வேலை. கரட்டைத் திருத்தி விளைநிலமாக்கச் சர்க்கார் புல்டோசர் வருவது முடிவானதும் டிரைவர் சோலையப்பன் பொன்னமராவதியிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். முள்ளை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தரை தெரியச் செய்ய வேண்டும். பாறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். குழி இருந்தால் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்ட வேண்டும்.

காரையும் சூரையும் கையைக் கிழிக்கக் கிழிக்க வெட்டினோம். என் வீட்டுக்காரர் ஆரோக்கியமுத்து எட்டு நாளில் எட்டு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அவர் வாயைத் திறக்கவும் ஒரு புல்டோசர்தான் வேண்டும்.

நடுச்சரிவில் ஒரு கிளுவைப் புதர். அதை மட்டும் அவரும் வெட்டவில்லை, நானும் வெட்டவில்லை. நான்தான் அதைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு வைத்தேன்.

அதன் கீழேதான் எங்கள் முதல் பிள்ளை இருக்கிறது.

எங்கள் ஊர் புதுக்கோட்டை ராஜாவின் கையில் இருந்த கடைசித் தை மாதத்தில் பிறந்தது. செத்தே பிறந்தது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குப் பெயரும் கிடையாது, கல்லறைத் தோட்டத்து வேலிக்குள் இடமும் கிடையாது. நான் ஜன்னி கண்டு நினைவில்லாமல் கிடந்தேன். அவர் தனியாகத் தூக்கி வந்து புதைத்துவிட்டு, நரி தோண்டாமல் இருக்கச் சுற்றிலும் கிளுவைக் கம்பு நட்டிருக்கிறார். கம்பெல்லாம் துளிர்த்துப் புதராகிவிட்டது.

அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை. இரண்டொரு முறை கேட்கப் பார்த்தேன். எழுந்து வெளியே போய்விட்டார். அப்புறம் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது.

நேற்று மாலை சோலையப்பன் வந்து நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் சரி என்றவர், கிளுவையைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கினார்.

"நடுவுல எதையும் விட முடியாதுங்கய்யா. சரிவுல வண்டி நேரா எறங்கணும். வளைச்சா சாஞ்சிரும்."

என் வீட்டுக்காரர் "சரிங்க" என்றார்.

அவ்வளவுதான். இப்படியும் ஒரு கல்நெஞ்சா என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். சோறு போட்டேன், முகம் கொடுக்கவில்லை.

அந்த மண்ணைக் கடைசியாக ஒருமுறை தொட்டுவிட்டு வரலாம் என்றுதான் இப்போது ஏறினேன்.

கிளுவைக்கு முன்னால் ஒரு கல் நின்றது.

நேற்று இல்லாத கல். முழங்கால் உயரம். மேலிருந்து கீழ்வரை மஞ்சள் பூசி, குழிக்குக் கட்ட வாங்கிய சிவப்புத் துணியை இடுப்பில் சுற்றி, மேலே ஒரு கொத்து வேப்பிலை சொருகியிருந்தது.

பக்கத்தில் என் வீட்டுக்காரர். வருடம் தவறாமல் ஆவூர் மாதா கோயில் தேருக்கு வடம் பிடிக்கிறவர். அடுத்த வீட்டுக்காரர்கள் திருநீறு நீட்டினால் ஒதுங்கிப் போகிறவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பனிக்குள் நின்றார்.

பின்னால் போய்ப் பார்த்தேன். பத்து விரலும் மஞ்சள்.

இந்த மனிதருக்கு அம்மியில் அரைக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. சிரிப்பு வந்தது. அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது.

கீழே வண்டி உறுமும் சத்தம் கேட்டது. எஞ்சினை ஓடவிட்டுவிட்டுச் சோலையப்பன் நடந்து ஏறி வந்தார். கல்லைப் பார்த்தார், நின்றார். செருப்பைக் கழற்றினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"நேத்தே சொல்லியிருக்கக் கூடாதுங்களா? மேலேருந்து பாதி, கீழேருந்து பாதின்னு தள்ளிக்கிறேன். இங்கிட்டு வண்டி வராது."

நேற்றுச் சாய்வதாக இருந்த வண்டி இன்று சாயவில்லை.

வண்டிக்குக் காட்ட வைத்திருந்த கற்பூரத்தில் ஒரு வில்லையை எடுத்துக் கல்லின் முன்னால் கொளுத்தினார். கண்ணை மூடிக் கும்பிட்டார். அந்த இடத்தில் ஒரு மனிதர் தலை குனிந்து நின்றதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உறவோ ஒட்டோ இல்லாத அந்த மனிதரின் காலில் விழலாம் போல இருந்தது.

கும்பிட்ட கையை இறக்காமலே கேட்டார்.

"சாமி பேரு என்னங்கய்யா?"

கல்லை நட்டவர் இதை யோசித்திருக்க மாட்டாரே, மாட்டிக்கொண்டோமே என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"தைரியநாதன்."

தினமும் கூப்பிட்டுப் பழகிய பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார்.

சோலையப்பன் "தைரியநாதா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியைப் பார்க்க இறங்கிப் போனார்.

நான் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆண் பிள்ளையா, பெண் பிள்ளையா என்றுகூட அதுவரை எனக்குத் தெரியாது.